பகை ஆறும் வகை

பிறந்த ஊரை விட்டு வந்து பிழைப்பவர்க்கு அயலாரே உறவினர். தாராவிச் சந்துகளில் வாழ்ந்தவர் எவர்க்கும் இதனை விளக்க வேண்டுவதில்லை. ஒரே குழாயில் நீர் பிடித்து, ஒரே சுவரின் இருபுறமும் சமைத்து, ஒரு வீட்டுக் குழந்தையை மறு வீட்டார் உறங்கவைத்து வளர்ந்த குடும்பங்கள் நாம். அத்தகைய அயலாரிடையே ஒரு தீங்கு நேர்ந்துவிட்டால், அதன் பின்னும் அதே சந்தில் வாழ்வது எங்ஙனம்? பேசாமல் மறந்துவிடுவதா? பேசித் தீர்ப்பதா? இக்கேள்வியை நாம் ஏட்டில் கண்டு எடுத்துக்கொள்ளவில்லை. நம் வீட்டுக் கதவே இதனை எழுப்பிற்று.

அந்தச் சனவரி

1992-ஆம் ஆண்டு திசம்பர் 6-ஆம் நாள் அயோத்தியில் பாபர் பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. அன்றே தாராவியில் ஒரு சைக்கிள் ஊர்வலம் சென்றதையும், அது காலா கில்லாவில் முடிந்ததையும், ஆங்கு ஆத்திரமூட்டும் பேச்சுகள் நிகழ்ந்ததையும் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்துள்ளது. திசம்பரில் ஒரு முறையும் 1993 சனவரியில் மறுமுறையும் நகரம் எரிந்தது. இறந்தவர் 900 பேர் என்று அவ்வாணையம் கணக்கிட்டது. அவருள் 575 பேர் முசுலிம்கள்; 275 பேர் இந்துக்கள்; எஞ்சியோருள் பெரும்பாலோர் இன்னாரென்றே அறியப்படாதவர். 168 பேர் காணாமற் போயினர்.

எண்கள் இவ்வளவே. ஆனால் ஒவ்வொரு சந்துக்கும் தனித்தனிக் கணக்கு ஒன்று உண்டு. நம் கணக்கைச் சொல்லுகிறோம்.

நம் வீட்டுக்கு மூன்றாம் வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்து முசுலிம் குடும்பம் ஒன்று இருந்தது. தோல் பதனிடும் தொழிலைத் தொட்டு வந்த குடும்பம். நம் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் ஐந்து கல் தொலைவு. வீட்டுக்காரரை நாம் பாய் என்போம். அவர் நம்மை அண்ணாச்சி என்பார். சனவரியில் ஓர் இரவு, சந்தின் முனையில் கூச்சல் எழுந்தபோது, நம் கதவு தட்டப்பட்டது. பாயின் குரல் கேட்டது. குழந்தை அழும் ஒலியும் கேட்டது. நாம் விளக்கை அணைத்தோம். கதவைத் திறக்கவில்லை.

அவர்கள் உயிர் தப்பினர். வேறொருவர் கதவைத் திறந்தார். இரண்டு நாளில் ரயிலேறி ஊருக்குச் சென்று, சில மாதங்கள் கழித்துத் திரும்பினர். வீட்டிலிருந்த தையல் இயந்திரமும் பாத்திரங்களும் போய்விட்டிருந்தன. திரும்பி வந்த பாய் நம்மிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பொங்கலுக்கு நாம் அனுப்பியதை வாங்கிக்கொண்டார். பெருநாளுக்குத் தம் வீட்டிலிருந்து அனுப்பினார். பார்ப்பவர்க்கு எல்லாம் ஆறிவிட்டதாகவே தோன்றும். ஆனால் அந்நாள் முதல் அவர் நம் வாயிற்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

சைத்யபூமியில் வாங்கிய நூல்

திசம்பர் 6 வேறொரு நினைவையும் உடைய நாள். 1956-இல் அந்நாளில்தான் டாக்டர் அம்பேத்கர் தில்லியில் மறைந்தார். அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்னரே, அக்டோபர் 14-ஆம் நாள், நாகபுரியில் பல இலட்சம் மக்களுடன் அவர் புத்தநெறி தழுவியிருந்தார். அவர் உடல் எரியூட்டப்பட்ட தாதர் கடற்கரை இன்று சைத்யபூமி என வழங்குகிறது. மாதுங்காவுக்கு அண்மையிலுள்ள இந்து காலனியில் அவர் கட்டிய இராசகிருகம் என்னும் இல்லமும் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்நாளில் இலட்சக்கணக்கானோர் வந்து வணங்குவர். சிவாசி பூங்காவில் புத்தகக் கடைகள் நிறைந்திருக்கும். அங்கே ஒருமுறை துறவியர் ஒழுக்கத்தைக் கூறும் வினயபிடகத்தைப் பற்றிய நூல் ஒன்றை வாங்கினோம். பகைத்தவர் மீண்டும் கூடும் முறைகள் அதில் சட்டம்போல் வகுக்கப்பட்டிருக்கக் கண்டு வியந்தோம்.

புத்தநெறி தமிழர்க்குப் புதிதன்று. அயோத்திதாச பண்டிதர் 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றுச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே மணிமேகலை நம் மொழியில் பிறந்துவிட்டது. தன்னைச் சிறையிட்டுத் துன்புறுத்திய அரசி, மகனை இழந்த துயரால் அறிவு மயங்கியவள் என்பதை உணர்ந்து, அவளுக்கே ஆறுதல் கூறியவள் மணிமேகலை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியவளும் அவளே. ஆயினும் மணிமேகலையின் உயரம் நம்மனோர்க்கு எட்டாதது. எளியவர் செய்யக்கூடிய வழி யாது என்பதே நம் வினா.

மிச்சம் வைத்த நீர்

கோசாம்பி நகரத்துத் துறவியரிடையே ஒருமுறை பெரும் பூசல் மூண்டது. காரணம் யாதென்று உரைகள் கூறுவதைக் கேட்டால் தாராவி மக்கள் நகைப்பர். கழிப்பிடத்தில் ஒருவர் கலத்தில் சிறிது நீரை மிச்சம் வைத்துவிட்டார். அது குற்றம் என்றார் ஒருவர். குற்றமன்று என்றார் மற்றவர். சங்கம் இரண்டாகப் பிளந்தது. புத்தர் பெருமானே நேரில் வந்து சொல்லியும் கேட்டாரில்லை. பொதுக்குழாயில் ஒரு குடத்திற்காகத் தொடங்கிய சண்டை இரு சாதிச் சண்டையாக மாறியதை நாமும் கண்டிருக்கிறோம் அல்லவா?

அப்போது பெருமான் அவர்கட்கு ஒரு கதை கூறினார். காசி வேந்தன் பிரமதத்தன் கோசல நாட்டைக் கவர்ந்தான். கோசல வேந்தனும் தேவியும் மாறுவேடத்தில் காசியிலேயே ஒரு குயவன் வீட்டில் மறைந்து வாழ்ந்தனர். காட்டிக்கொடுக்கப்பட்டுக் கொலையுண்டனர். மகன் தீகாவு மட்டும் எஞ்சினான். அவன் வளர்ந்து, தன்னை மறைத்துக்கொண்டு, காசி வேந்தனின் நம்பிக்கைக்குரிய பணியாளன் ஆனான். ஒரு நாள் காட்டில் களைத்த வேந்தன் அவன் மடியிலேயே தலைவைத்து உறங்கினான். தீகாவு மும்முறை வாளை உருவினான். தந்தையின் இறுதி அறிவுரையை எண்ணி மும்முறையும் உறையிலிட்டான். விழித்த வேந்தன் உண்மை அறிந்தான். இருவரும் ஒருவர்க்கொருவர் உயிர் ஈந்தனர்.

கதையை இந்த அளவில் நிறுத்திவிடுவோர் பலர். ஆனால் மூலத்தில் மேலும் ஒன்று உண்டு. பிரமதத்தன் தீகாவின் தந்தைக்குரிய நாட்டையும் படையையும் கருவூலத்தையும் அவனிடம் திருப்பித் தந்தான். பொறுத்தவன் பொறுத்ததோடு, பறித்தவன் திருப்பித் தரவும் செய்தான். பின்னதை மறந்து முன்னதை மட்டும் பாராட்டுவது நேர்மையாகாது.

கோசாம்பித் துறவியர் இக்கதைக்கும் செவிசாய்க்கவில்லை. பெருமான் தனியே காட்டுக்குச் சென்றார். பூசலைத் தீர்த்தவர் ஊர்மக்களே. பூசலிடும் துறவியர்க்கு வணக்கமும் இல்லை, சோறும் இல்லை என்று அவர்கள் முடிவு செய்தனர். அதன் பின்னரே துறவியர் பெருமானைத் தேடிச் சென்று, தம் பிழையை ஒப்பி இணைந்தனர். சுற்றியிருப்போர் வாளாவிருந்தால் பகை ஆறாது என்பதே இதனால் பெறப்படும்.

புல்லால் மூடுதல்

பூசல் தீர்க்கும் முறைகள் ஏழு என்று வினயம் வகுக்கிறது. அவற்றுள் இறுதியானது புல்லால் மூடுதல். இரு கட்சியாரும் பல பிழைகள் செய்து, ஒவ்வொன்றாகக் கிளறினால் நாற்றமே மிகும் என்னும் நிலையில், இரு சாராரும் ஓரிடத்தில் கூடித் தத்தம் தரப்பின் குற்றங்களை ஒருங்கே ஒப்பி, புல் இட்டு மூடுவதுபோல் மூடிவிடுதல்.

பழையதைக் கிளறாதே என்று நம் பெரியோர் சொல்லும் அறிவுரையே இது என்று முதலில் எண்ணினோம். உள்ளம் சற்று இலேசாயிற்று. ஆனால் அடுத்த வரிகள் நம்மை நிறுத்தின. அம்முறைக்கு நான்கு விலக்குகள் உண்டு. கொடுங்குற்றங்கள் புல்லால் மூடப்படா. இல்லறத்தார்க்குச் செய்த குற்றங்கள் மூடப்படா. உடன்பாடில்லை என்று சொன்னவரை அது கட்டுப்படுத்தாது. அந்த அவையில் இல்லாதவரையும் அது சாராது.

இந்நான்கையும் மும்பைக்குப் பொருத்திப் பாருங்கள். கொலையும் கொள்ளையும் மறதியால் மூடத்தக்கவை அல்ல. அவற்றுக்கு வழக்கும் தீர்ப்பும் வேண்டும். ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998-இல் அறிக்கை தந்தது. காணாமற் போனோரின் குடும்பங்களுள் பல இழப்பீடின்றியே காத்திருந்தன. சட்டம் ஒழுங்கைக் காப்பதில் அரசு தவறிற்று என்றும், விடுபட்ட குடும்பங்களைத் தேடி இழப்பீடு வழங்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 நவம்பரில். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! அக்குடும்பங்களை நோக்கி மறந்துவிடுங்கள் என்று சொல்ல நாம் யார்?

துணையுடன் சென்று வேண்டுதல்

இல்லறத்தார்க்குத் தீங்கிழைத்தவர் செய்ய வேண்டுவது யாது? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. மச்சிகாசண்டம் என்னும் ஊரில் சித்தன் என்ற இல்லறத்தான் இருந்தான். தன்னைக் கலக்காமல் அவன் சாரிபுத்தர் முதலிய பெரியோரை விருந்துக்கு அழைத்தான் என்று சுதம்மர் என்னும் துறவி சினந்தார். விருந்தில் எள் பணியாரம் இல்லை என்று இகழ்ந்தார். அஃது அவன் குலத்தொழிலைக் குத்திக்காட்டிய சொல் என்பர் உரைகாரர். பெருமான் சுதம்மரைக் கண்டித்து, சென்று மன்னிப்பு வேண்டுமாறு பணித்தார். சுதம்மர் போனார், நாணத்தால் வாய் திறவாமல் திரும்பினார்.

அப்போது பெருமான் வகுத்த முறையே நம் உள்ளத்தைத் தொட்டது. தனியே போக இயலாதவனுக்கு ஒரு துணைவனைத் தருக என்றார். துணைவன் முதலில் இவர் பொருட்டுப் பொறுத்தருள்க என்று வேண்டுவான்; அவன் பொறுக்கவில்லையாயின் என் பொருட்டு என்பான்; அதற்கும் இசையவில்லையாயின் சங்கத்தின் பொருட்டு என்பான். அப்போதும் பொறுக்கவில்லையாயின், அவன் காணவும் கேட்கவும் கைகூப்பி அமர்ந்து தன் குற்றத்தை ஒப்பிவிட வேண்டும். இல்லறத்தான் பொறுத்தே ஆக வேண்டும் என்று யாண்டும் சொல்லப்படவில்லை. பொறுப்பது அவன் உரிமை. ஒப்புவது இவன் கடமை.

கல்லில் எழுதியவனும் சொல்லில் கூறியவரும்

மும்பைக்கு வடக்கே நாலா சோபாராவில் அசோகனின் கல்வெட்டுத் துண்டு ஒன்று 1882-இல் கிடைத்தது. கலிங்கப் போரில் ஓர் இலட்சம் பேர் கொல்லப்பட்டதையும் ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டதையும் எண்ணி வருந்திய அவ்வேந்தன், அவ்வருத்தத்தைத் தன் பதின்மூன்றாம் கல்வெட்டில் பொறித்தான். சோழர் பாண்டியர் பெயரும் அதில் உண்டு. ஆனால் அவ்வாசகம் கலிங்க நாட்டுப் பாறைகளில் மட்டும் இல்லை. தௌலியிலும் சௌகதாவிலும் அதனை விடுத்து, மக்கள் எல்லாரும் தன் மக்களே என்னும் வேறு கட்டளைகளைப் பொறித்தான். காரணத்தை அறிஞர் பலவாறு உரைப்பர். நமக்குத் தோன்றுவது ஒன்றே: உலகிற்கெல்லாம் வருத்தம் தெரிவித்தல் எளிது, தீங்குற்றவர் முகத்தை நோக்கிச் சொல்லுதல் பேரரசனுக்கும் அரிது.

இலங்கையிலும் இதனைக் கண்டோம். 1951-இல் சான் பிரான்சிசுகோ மாநாட்டில், சப்பானிடம் போர் இழப்பீடு வேண்டோம் என்று கூறி, பகை பகையால் தணியாது என்னும் புத்தர் கருத்தை எடுத்துரைத்து உலகின் பாராட்டைப் பெற்றவர் செயவர்த்தனா. 1983 சூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது குடியரசுத் தலைவராக இருந்தவரும் அவரே. ஆயினும் அதே ஆண்டில் வீடிழந்த தமிழர்க்கு உதவ முன்வந்த சர்வோதய இயக்கத்தின் ஆரியரத்தினாவும் புத்தநெறியினரே. 2004-இல்தான் குடியரசுத் தலைவர் சந்திரிகா 1983-க்காகத் தமிழரிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். நெறி ஒன்றே; அதனைப் பின்பற்றுவோர் பிறர்க்கு உரைக்கிறாரா, தமக்கு உரைத்துக்கொள்கிறாரா என்பதே வேறுபாடு.

தாராவி செய்தது

நம் தாராவியும் வாளாவிருக்கவில்லை. 1984-இல் கலவரத்தால் எரிந்த பிவண்டியில், காவல் அதிகாரி சுரேசு கோபடே 1988 முதல் இரு சமயத்தாரையும் சேர்த்து அமைத்த மொகல்லாக் குழுக்களால் 1992-93-இல் அவ்வூர் அமைதியாயிருந்தது. அம்முறை பின்னர் மும்பைக்கும் வந்தது. தாராவியில் பாவு கோர்டே, வக்கார் கான் என்னும் இருவர், ஒருவர் இந்து, ஒருவர் முசுலிம், சந்து சந்தாகச் சென்று மக்களை ஒன்றாக அமரவைத்தனர். நான்கு சமயத்தார்போல் உடையணிந்த நான்கு குழந்தைகளின் படத்துடன், நாம் எல்லாரும் ஒன்றே என்னும் பொருள்பட வக்கார் கான் அச்சிட்ட சுவரொட்டி நகரெங்கும் பரவியது. இவ்விருவர் நட்பையும் பணியையும் குறித்து அஞ்சலி மாண்டெய்ரோ, கே. பி. செயசங்கர் ஆகிய இருவரும் ‘நாதா’ என்னும் ஆவணப்படத்தை 2003-இல் எடுத்தனர்.

சுவரொட்டி சந்தை ஒன்றாக்கும். ஆனால் ஒரு கதவுக்கும் மற்றொரு கதவுக்கும் இடையிலுள்ளதை அக்கதவுக்குரியவரே தீர்க்க வேண்டும்.

நாம் சென்றது

மழைக்கால மூன்று திங்கள் ஓரிடத்தில் தங்கும் புத்தத் துறவியர், அது முடியும் நாளில், என்னிடம் கண்ட, கேட்ட, ஐயுற்ற குற்றங்களைச் சொல்லுக என்று ஒருவரையொருவர் வேண்டுவர். சென்ற மழைக்காலம் முடிந்தபோது நாமும் துணிந்தோம். தனியே போகும் துணிவு இல்லை. சந்தின் மூத்தவர் ஒருவரைத் துணைக்கு அழைத்தோம். அன்றிரவு கதவைத் திறந்தவர் அவரே.

பாய் திண்ணையில் அமர்ந்திருந்தார். முதுமை அவரையும் நம்மையும் ஒருங்கே பிடித்திருந்தது. நாம் சொன்னது சில சொற்களே. “பாய், அன்றிரவு நீங்கள் தட்டியது எங்களுக்குக் கேட்டது. உறங்கிவிட்டோம் என்று மறுநாள் சொன்னது பொய். அஞ்சித் திறக்கவில்லை. அது தவறு.”

நெடுநேரம் அவர் பேசவில்லை. பின்னர் மெல்லச் சொன்னார்: “அண்ணாச்சி, விளக்கு அணைந்ததை நான் பார்த்தேன். நீங்கள் விழித்திருந்தீர்கள் என்று அன்றே எனக்குத் தெரியும். திறந்திருந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு என்ன நேருமோ என்று நீங்கள் அஞ்சியதும் தெரியும். எனக்கு வருத்தம் அதுவன்று. உறங்கிவிட்டோம் என்றீர்களே, அதுதான். அதை நம்புவதுபோல் முப்பது ஆண்டு நான் நடிக்க வேண்டியிருந்தது.”

நமக்குச் சொல் எழவில்லை. தீங்கு செய்தது ஓர் இரவு. பொய்யோ ஒவ்வொரு நாளும் அதனைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. துணைக்கு வந்த பெரியவர், “எங்கள் எல்லார் பொருட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றார். அவர் அந்நூலைப் படித்தவரல்லர். பட்டறிவு அவரை அவ்வாறு பேசவைத்தது.

“நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் மகளுக்காக நான் பொறுக்க முடியாது” என்றார் பாய். அன்று அழுத அந்தக் குழந்தை இப்போது செம்பூரில் கணவன் மக்களோடு வாழ்கிறாள். இரவில் எவரேனும் கதவைத் தட்டினால் இன்றும் அவள் கை நடுங்குமாம். “அவளிடம் நீங்களே சொல்லுங்கள்” என்றார்.

அவையில் இல்லாதவரைப் புல்லால் மூடுதல் சாராது என்று படித்தோமே, அதன் பொருள் அப்போதுதான் முழுவதும் விளங்கிற்று.

அடுத்த ஞாயிறு செம்பூருக்குச் செல்ல இருக்கிறோம். அவள் பொறுப்பாளோ மாட்டாளோ, அஃது அவள் உரிமை. புறப்படும்போது பாய் நம்முடன் எழுந்து, நம் வாயில் வரை நடந்து வந்தார். உள்ளே வாருங்கள் என்றோம். “செம்பூர் போய்விட்டு வாருங்கள், அதன் பிறகு வருகிறேன்” என்றார்.

நேயர்களே, உங்கள் சந்திலும் அடுக்ககத்திலும், ஊரில் விட்டுவந்த உறவிலும், இத்தகைய கதவு ஒன்று இருக்கலாம். பகைவர் என்று நாம் எண்ணுவோர் தட்டியதாக இருக்கலாம். நாமே தட்டித் திறவாது போனதாகவும் இருக்கலாம். திறவாதவர் நாமாயின், அவர் மறந்திருப்பார் என்று நம்மை நாமே தேற்றிக்கொள்ள வேண்டா. துணை ஒருவரை அழைத்துக்கொண்டு சென்று, நடந்ததை நடந்தவாறே சொல்லுவோம். எடுத்த பொருள் உண்டெனில் திருப்பித் தருவோம். பொறுக்குமாறு வற்புறுத்தாது திரும்புவோம். புண் ஆறுவதற்கு நம்மால் செய்யக்கூடியது அவ்வளவே. அதனையாவது காலம் தாழ்த்தாது செய்வோமாக.